துண்டு விழும் 27,000 கோடியும் பொள்ளாச்சி பில்லும்

பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வாசகசாலையில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூடுவோம். இருபது பேர் வந்தால் பெரிய கூட்டம். போன தடவை தலைப்பு கொடுத்தவர் ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர். கரும்பலகையில் மூன்றே வரி எழுதினார்: ‘நீங்கள்தான் கேரள நிதியமைச்சர். வரியை ஒரு பைசா ஏற்றக் கூடாது. பென்ஷன், ஆஸ்பத்திரி, ரேஷன் எதிலும் கை வைக்கக் கூடாது. துண்டு விழுவதை எப்படி அடைப்பீர்கள்?’

ஆளுக்கொரு வழி சொல்ல வேண்டும். எல்லாம் சொல்லி முடித்ததும் எதற்கு எவ்வளவு தேறும், யார் தலையில் விழும் என்று ஒப்பிட்டுச் சொல்வது என் வேலை. நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை. கடைத்தெருவில் கணக்கெழுதிப் பிழைத்து, இப்போது சின்னக் கடைகளுக்கு ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட்டுக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு நேரம் போதாமல் விழுங்கியதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் குழி எத்தனை ஆழம் என்று பார்த்துவிடலாம். 2025-26 கேரள பட்ஜெட்டில் வருவாய் வரவு சுமார் 1.52 லட்சம் கோடி, வருவாய்ச் செலவு சுமார் 1.79 லட்சம் கோடி. இடைவெளி 27,000 கோடியை ஒட்டி வரும். இது பாலம் கட்டவோ பள்ளிக்கூடம் கட்டவோ வாங்கும் கடன் இல்லை. சம்பளம், பென்ஷன், வட்டி, மருந்து, மானியம் என்று அன்றாடச் செலவுக்கே போதாமல் நிற்கும் தொகை. வீடு கட்டக் கடன் வாங்குகிற குடும்பத்துக்கும் மளிகைக் கடை பாக்கி தீர்க்கக் கடன் வாங்குகிற குடும்பத்துக்கும் உள்ள வித்தியாசம்தான். ஹெட்மாஸ்டர் போட்ட நிபந்தனையில் நிஜ அமைச்சரே தேறவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதே பட்ஜெட்டில் பாலகோபால் நிலத்துக்கான கரத்தைப் பாதிக்குப் பாதி ஏற்றினார்.

வரி ஏற்றினால் எங்கள் ஊரில் என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்ளப் புத்தகம் புரட்ட வேண்டியதில்லை. எல்லையில் உள்ள கோபாலபுரம் வரை வண்டியில் போய் வந்தால் போதும். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு பெட்ரோலுக்கு மூன்று ரூபாய் வரியைக் குறைத்தது; அதனால் வருஷத்துக்கு 1,160 கோடி இழப்பு என்று அப்போது கணக்குச் சொன்னார்கள். 2023 ஏப்ரலில் கேரளம் சமூகப் பாதுகாப்பு நிதிக்கென்று லிட்டருக்கு இரண்டு ரூபாய் செஸ் போட்டது. அதற்குப் பிறகு எல்லைக்கு இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் நாலைந்து ரூபாய் வித்தியாசம். கையில் வண்டியும் பொள்ளாச்சியில் ஒரு வேலையும் உள்ளவன் எங்கே டேங்கை நிரப்புவான்? வரி ஏறியது திருவனந்தபுரத்தில், வசூல் ஆனது சென்னையில்.

முதலில் எழுந்தவர் வேலந்தாவளம் பக்கம் லாட்டரி டிக்கெட் விற்கும் அண்ணன். ‘இதுக்கு எதுக்குங்க இத்தனை யோசனை? லாட்டரியை ரெண்டு மடங்காக்குங்க. யாரையும் கட்டாயப்படுத்தலை, வரியும் கிடையாது, வேணுங்கறவன் வாங்கறான்.’

கேரள லாட்டரி பிறந்ததே இந்தக் கேள்விக்கு விடையாகத்தான். 1967-இல் ஈ.எம்.எஸ். மந்திரிசபையில் நிதியைப் பார்த்துக்கொண்ட பி.கே. குஞ்ஞு தொடங்கினார். 1968 சனவரி 26-இல் முதல் குலுக்கல். டிக்கெட் ஒரு ரூபாய், முதல் பரிசு 50,000. ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்று அண்ணா காலத்தில் தமிழ்நாடும் அதே வழியில் இறங்கியது. 2003-இல் ஜெயலலிதா தடை போட்டார். அன்றிலிருந்து பொள்ளாச்சிக்கும் கோயம்புத்தூருக்கும் லாட்டரிக் கடை என்றால் எங்கள் எல்லைதான். 2023 திருவோணம் பம்பர் 25 கோடி ரூபாய் விழுந்த டிக்கெட் வாளையாரில் விற்றது. வாங்கியவர்கள் தமிழ்நாட்டுக்காரர்கள் நாலு பேர். அந்தச் செய்தியைச் சொல்லும்போது அண்ணனுக்குக் கண் மின்னியது, ஏதோ தன் கையால் கொடுத்த டிக்கெட் மாதிரி.

கணக்குக்கு வருவோம். பட்ஜெட் புத்தகத்தில் லாட்டரி வரவு பிரமாதமாகத் தெரியும். 2023-24-இல் 12,000 கோடிக்கு மேல். ஆனால் அது மொத்த விற்பனை. அதில் பெரும் பங்கு பரிசாகவும் ஏஜெண்ட் கமிஷனாகவும் வந்த வழியே திரும்பிவிடும். அதோடு 2025 செப்டம்பரில் லாட்டரிக்கான ஜி.எஸ்.டி. 28-லிருந்து 40 சதவீதம் ஆனது. ஐம்பது ரூபாய் டிக்கெட்டில் 14 ரூபாய் 29 பைசா ஜி.எஸ்.டி., அதில் பாதி டில்லிக்கு. டிக்கெட் விலையை ஏற்றினால் விற்பனை படுத்துவிடும் என்று ஐம்பதிலேயே வைத்துக்கொண்டு, கமிஷனிலும் பரிசிலும் கை வைத்தார்கள். அண்ணனிடம் ‘இப்ப உங்களுக்கு ஒரு டிக்கெட்டுக்கு என்ன நிக்குது?’ என்று கேட்டேன். சிரித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஆகக் கூடி ஆனைப் பசிக்குச் சோளப்பொரி. லாட்டரியை நிறுத்தச் சொல்லும் கட்சி இல்லை நான், கே.எம். மாணி 2011-இல் தொடங்கிய காருண்யா லாட்டரிப் பணத்தில் கிட்னிக்கும் இருதயத்துக்கும் வைத்தியம் பார்த்துக்கொண்டவர்கள் உண்டு. ஆனால் அதை வரி இல்லை என்று சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. சாயங்காலம் கூலி வாங்கியதும் நேராக டிக்கெட் பலகைக்கு வருகிறவர்கள் யார் என்று எல்லைக் கடைகளில் அரை மணி நேரம் நின்று பார்த்தால் தெரியும். ஆடிட்டரும் வருவதில்லை, தோட்டத்து முதலாளியும் வருவதில்லை.

இரண்டாவது வழி டில்லி. சொன்னவர் கட்சிக்காரர், குரல் எப்போதும் ஒரு கட்டை மேலே. ஆனால் அவர் சொன்ன எண்கள் சரி. பத்தாவது நிதிக் குழு காலத்தில், மாநிலங்களுக்குப் பிரிக்கும் வரித் தொகையில் கேரளத்தின் பங்கு 3.875 சதவீதம். பதினைந்தாவது நிதிக் குழுவில் 1.925. பாதியைவிடக் குறைவு. காரணம் யாரும் சதி செய்ததல்ல, சூத்திரம் அப்படி. தலைக்கு வருமானம் குறைந்த மாநிலத்துக்கு அதிகம் என்கிற ஒரு அம்சத்துக்கே அந்தக் குழு 45 சதவீத எடை கொடுத்தது. கேரளத்தில் தலைக்கு வருமானம் அதிகம், ஜனத்தொகை வளர்ச்சி குறைவு. பிள்ளையைப் படிக்க வைத்து, குடும்பத்தைக் கட்டுப்படுத்தி, வளைகுடாவுக்கு அனுப்பிச் சம்பாதித்த வீட்டுக்குப் பந்தியில் கடைசி இலை. தமிழ்நாட்டுக்கும் இதே மனக்குறை உண்டு. அதே குழுவில் அதன் பங்கு 4.079.

அவர் சொல்லாமல் விட்டது ஒன்று. பங்கைக் குறைத்த அதே பதினைந்தாவது குழு, வருவாய்ப் பற்றாக்குறை மானியமாக மூன்று வருஷத்துக்கு 37,814 கோடி கொடுத்தது. 2021-22-இல் 19,891, அடுத்த வருஷம் 13,174, அதற்கடுத்த வருஷம் 4,749, பிறகு பூஜ்யம். ஜி.எஸ்.டி. இழப்பீடும் 2022 ஜூனோடு நின்றது. படி இறங்கி இறங்கி வந்த பணம் நின்ற இடத்தில்தான் எங்கள் பக்கத்துப் பாட்டிமார்களின் பென்ஷன் மாதக்கணக்கில் நின்றது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

டில்லியிடம் கேட்பது நியாயமா என்றால் நியாயம். அடுத்த மாதச் சம்பளத்துக்கு உதவுமா என்றால் உதவாது. நிதிக் குழு ஐந்து வருஷத்துக்கு ஒன்று. 2024 பிப்ரவரியில் முதலமைச்சர் மந்திரிகளோடு ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார். அதற்கு முன்பே, 2023 டிசம்பரில், கடன் வரம்பை எதிர்த்து அரசியல் சாசனத்தின் 131-ஆம் பிரிவில் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2024 ஏப்ரல் 1-இல் கோர்ட் இடைக்கால உத்தரவு கொடுக்க மறுத்து, வழக்கை ஐந்து நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பியது. கடைக்காரன் வாராக்கடனைப் பேரேட்டில் வைத்திருப்பது போல இதை வைத்துக்கொள்ளலாம்; வந்தால் லாபம்.

கடன் என்கிற மூன்றாவது வழி தனியாக ஒருவர் சொல்லவில்லை, நாலைந்து பேர் வாயில் வேறு வேறு பெயரில் வந்தது. நேர்க் கடனுக்கு வரம்பு உண்டு: மாநில உற்பத்தியில் 3 சதவீதம், சில வருஷம், மின்துறைச் சீர்திருத்தம் செய்தால் இன்னும் அரை கிடைத்தது. அந்த வேலியைத் தாண்டக் கண்டுபிடித்ததுதான் கிஃப்பி என்கிற கேரள உள்கட்டமைப்பு முதலீட்டு நிதி வாரியம். 1999-இல் பிறந்து தூங்கிக்கொண்டிருந்த அமைப்பை 2016-இல் சட்டம் திருத்தி எழுப்பினார்கள். 2019-இல் லண்டனில் மசாலா பாண்டு (ரூபாய்க் கணக்கில் வெளிநாட்டில் விற்கும் கடன் பத்திரம்) விற்று 2,150 கோடி வாங்கியது, வட்டி 9.723 சதவீதம். பெட்ரோலுக்கு லிட்டருக்கு ஒரு ரூபாய் தனிச் செஸ்ஸும் வண்டி வரியில் ஒரு பங்கும் கிஃப்பிக்கு என்று எழுதி வைத்தார்கள். பென்ஷனுக்கும் ஒரு தனிக் கம்பெனி வைத்துக் கடன் வாங்கினார்கள். 2022-இல் மத்திய அரசு, ‘பெயர் எதுவானால் என்ன, திருப்பிக் கட்டுவது உன் கஜானாதானே’ என்று இரண்டையும் மாநிலக் கடன் கணக்கில் சேர்த்துவிட்டது.

கிஃப்பி கட்டிய அரசுப் பள்ளிக் கட்டடங்களைப் பார்த்தால் கோபம் வராது. கட்டடம் நிற்கிறது, பிள்ளைகள் வருகிறார்கள். எனக்கு அதில் பிரச்சினை வேறு. தோட்டத்தில் கிணறு வெட்டக் கடன் வாங்கினால் தண்ணீர் வித்துக் கடனை அடைக்கலாம். ஸ்கூல் கட்டடம் சம்பாதிக்காது. அந்தக் கடனை அடைப்பது பெட்ரோல் செஸ்தான், அதாவது வரி. ‘வரி ஏற்றாமல்’ என்று தொடங்கிய வழி பத்து வருஷம் கழித்து அதே வரியில் வந்து நிற்கிறது. அதனால் கடனை வழி என்று சொல்வதைவிட, தேதி தள்ளிப் போட்ட வரி என்று சொல்வதுதான் சரி. ஹெட்மாஸ்டர் இதை ஒத்துக்கொள்ளவில்லை. ‘ரோடு வந்தால் கடை வரும், கடை வந்தால் வரி தானாக வரும்’ என்றார். கஞ்சிக்கோட்டுப் பக்கம் 1,710 ஏக்கரில் வரவிருக்கும் தொழில் நகரத்தைக் காட்டினார். 2024-இல் மத்திய மந்திரிசபை ஒப்புதல் கொடுத்தது, 3,806 கோடித் திட்டம். அது எழும்பினால் அவர் வாதம் ஜெயிக்கும்.

ஓய்வு வயதை 56-லிருந்து 60 ஆக்கலாம் என்று ஒருவர் சொன்னதுதான் தாமதம், பின்வரிசையில் பி.எஸ்.சி. அரசு வேலைத் தேர்வுக்குக் கோச்சிங் போகும் பெண் எழுந்துவிட்டாள். ‘அப்ப எங்க ராங்க் லிஸ்ட்டு காலாவதியாகட்டும்கிறீங்களா மாமா?’ கணக்கு மட்டும் பார்த்தால் உடனடியாகப் பெருந்தொகை மிச்சம் காட்டும் வழி இதுதான். ஓய்வு பெறுகிறவருக்கு ஒரே தவணையில் கொடுக்க வேண்டிய பணம் நாலு வருஷம் தள்ளிப் போகும். 2013 ஏப்ரலுக்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு ஏற்கெனவே அறுபதுதான். ஆனால் 2022 அக்டோபர் கடைசியில் பொதுத்துறை நிறுவனங்களுக்கு அறுபது என்று ஆணை போட்டு, ஒரு வாரம் தாக்குப்பிடிக்க முடியாமல் நிறுத்தி வைத்தார்கள். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்த பிறகு இந்த வழியைப் பற்றி அதிகம் பேச எனக்கும் தைரியம் வரவில்லை. இதுவும் தள்ளிப் போடுவதுதான், தள்ளிப் போவது அவள் வேலை.

கட்டணத்தை ஏற்றுவது வரி ஆகாதே என்றார் ஒருவர். ஆகாது. ஆனால் 2023 ஏப்ரலில் வீடு கட்டும் பெர்மிட் கட்டணத்தைப் பல மடங்கு ஏற்றி, 2024 ஆகஸ்டில் அறுபது சதவீதம் வரை குறைத்துக்கொண்டார்கள். கட்டுகிறவனுக்கு ரசீதில் ‘வரி’ என்று இருந்தால் என்ன, ‘ஃபீஸ்’ என்று இருந்தால் என்ன.

அணை மணல் யோசனையும் வந்தது. மலம்புழாவிலும் வாளையாரிலும் படிந்த மணலை வாரி விற்கலாம் என்பது தாமஸ் ஐசக் நிதியமைச்சராக இருந்தபோதே பேசி, முயன்று, நினைத்த வரவு வராத கதை. தண்ணீர் நிற்க இடம் கிடைக்கும் என்பதற்காகவாவது செய்யலாம். பட்ஜெட்டுக்காக வேண்டாம்.

இனி, கூட்டத்தில் ஒருவரும் சொல்லாத வழி. ஒருவரும் சொல்லாவிட்டாலும் இத்தனை வருஷமாக நடந்துகொண்டிருப்பது இதுதான். வரியும் ஏற்ற வேண்டாம், சேவையையும் குறைக்க வேண்டாம், கொடுக்க வேண்டியதைக் கொஞ்சம் தாமதமாகக் கொடுத்தால் போதும்.

முதியோருக்கும் விதவைகளுக்கும் தரும் பென்ஷனையே எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது மாதம் 1,600 ரூபாய், சுமார் அறுபது லட்சம் பேர். பெருக்கினால் மாதம் 960 கோடி. 2024 தொடக்கத்தில் பல மாதத் தவணை பாக்கி நின்றது. அந்த ஜூலையில், ஐந்து தவணையை இரண்டு நிதியாண்டில் பிரித்துத் தீர்ப்போம் என்று முதலமைச்சர் சட்டசபையில் சொன்னார். ஐந்து மாதம் என்றால் 4,800 கோடி. லண்டனில் 2,150 கோடிக்கு 9.723 சதவீதம் வட்டி கொடுத்த அரசுக்கு, அதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் வட்டியே இல்லாமல் கடன் கொடுத்தவர்கள் முதியோர்களும் விதவைகளும். அவர்களிடம் யாரும் கையெழுத்துக்கூட வாங்கவில்லை. 2025 நவம்பரிலிருந்து தொகை 2,000 ஆகிவிட்டது, அது நல்லது. ஆனால் அந்த மாதங்களில் என் பெரியம்மா மருந்துக் கடையில் எழுதி வைத்த பாக்கிக்குக் கடைக்காரர் பொறுத்துக்கொண்டாரே, அவர் எந்த நிதியமைச்சகத்தில் இருக்கிறார்?

நெல் கதை இன்னும் நுணுக்கம். எங்கள் சித்தூர் தாலூகாவில் நெல் போட்டவர்களுக்குத் தெரியும், மில் லாரி வந்து மூட்டை ஏற்றியதும் கையில் வருவது பணமல்ல, பி.ஆர்.எஸ். என்கிற நெல் ரசீதுச் சீட்டு. அதைப் பேங்கில் கொடுத்தால் விவசாயி பெயரில் கடனாகப் பணம் தருவார்கள். அசலையும் வட்டியையும் பின்னால் அரசு கட்டிக்கொள்ளும். விற்ற நெல்லுக்குக் கடன் பத்திரத்தில் கையெழுத்து! எங்கள் மாமா ஒருத்தர் ஒரு தடவை மோட்டார் மாற்ற லோன் கேட்டு ஒரு பேங்குக்குப் போனார். மேனேஜர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டி, ‘உங்க பேர்ல ஏற்கெனவே ஒரு லோன் நிக்குதே’ என்றாராம். மாமாவுக்கு அது எந்த லோன் என்று விளங்கவே கொஞ்ச நேரம் ஆனது. ‘நான் எப்ப சார் கடன் வாங்கினேன், நெல்லல்ல குடுத்தேன்?’ கிஃப்பி என்னவென்று மாமாவுக்குத் தெரியாது. ஆனால் அவர் பெயரிலேயே ஒரு குட்டிக் கிஃப்பி ஓடிக்கொண்டிருந்தது.

தாமதம்கூடக் கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்கே தெரியாதது விலை. கிலோ நெல்லுக்கு 28 ரூபாய் 20 பைசா என்று கேரளம் வருஷக்கணக்கில் கொடுத்தது. தமிழ்நாட்டைவிட அதிகம் என்று பெருமைப்படுவோம், பெருமைதான். ஆனால் பிரித்துப் பாருங்கள். 2022-23-இல் மத்திய அரசின் ஆதார விலை 20.40, மாநிலம் சேர்த்தது 7.80. அடுத்த வருஷம் ஆதார விலை 21.83 ஆனது, மாநிலத்தின் பங்கு 6.37 ஆனது. அதற்கடுத்த வருஷம் ஆதார விலை 23, மாநிலம் 5.20. கூட்டினால் மூன்று வருஷமும் அதே 28.20. டில்லி ஏற்ற ஏற்ற, திருவனந்தபுரம் அதே அளவுக்கு இறக்கியது. ரெண்டு ஏக்கரில் ஒரு போகத்துக்கு நாலாயிரம் கிலோ போடுகிறவருக்கு, கிலோவுக்கு 2.60 வீதம் 10,400 ரூபாய். இதற்கு எந்த ஆர்ப்பாட்டமும் நடக்கவில்லை, ஏனென்றால் எதுவும் குறையவில்லை! 2025 கடைசியில் 30 ஆக்கினார்கள். அதுவரை உரம், டீசல், அறுவடை மெஷின் வாடகை எல்லாம் 28.20-இல் நிற்கவில்லை.

வரியை ஏற்றினால் தெருவில் இறங்குவார்கள், சேவையை வெட்டினால் ஓட்டில் காட்டுவார்கள். காத்திருக்க வைத்தால் காத்திருப்பார்கள். அரசியல்வாதிக்கு இதைவிட லாபமான வழி கிடையாது. என் ஒப்பீட்டில் இதற்குக் கடைசி இடம். லாட்டரிக்குக் கூட இதைவிட ஒரு படி மேலே இடம் கொடுப்பேன், அதிலாவது டிக்கெட் வேண்டாம் என்று சொல்ல ஆளுக்கு உரிமை இருக்கிறது.

முதலிடத்துக்கு அன்றைக்குப் பெரும்பாலோர் கை தூக்கியது பாக்கி வசூலுக்கு. குடிசிகை என்று மலையாளத்தில் சொல்வதையே நாங்களும் சொல்கிறோம். தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் சி.ஏ.ஜி. கணக்குப்படி 2022 மார்ச் 31-இல் கேரள அரசுக்கு வர வேண்டிய பாக்கி சுமார் 28,258 கோடி. அந்த வருஷத்து வருவாயில் கிட்டத்தட்ட கால் பங்கு. குழி 27,000, பாக்கி 28,000, வசூலித்தால் கணக்கு முடிந்தது என்று கைதட்டினார்கள். நான்தான் கைதட்டலைக் கெடுத்தேன்.

ஒன்று, குழி வருஷா வருஷம் விழுவது, பாக்கி ஒரு தடவை வருவது. இரண்டு, அதில் கணிசமான பகுதி கோர்ட் ஸ்டேயில் கிடக்கிறது. இன்னொரு பகுதி அரசு நிறுவனங்களே அரசுக்குத் தர வேண்டியது. இடது கையில் இருப்பதை வலது கைக்கு மாற்றினால் பணக்காரன் ஆகிவிட முடியுமா? மூன்றாவது, சின்ன மீன்கள். கூடையும் தட்டியும் விற்ற ஒருத்தர் கடையை மூடி வெகு காலம் ஆகிறது, பழைய வாட் பாக்கி மட்டும் பேரில் நின்றது. 2024 பொதுமன்னிப்புத் திட்டத்தில் ஐம்பதாயிரத்துக்குக் கீழே உள்ள பாக்கிகளை மொத்தமாகத் தள்ளுபடி செய்ததில் அவர் பெயரும் கழிந்தது. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். அந்த நோட்டீஸுக்குத் தபால் செலவு செய்வதே நஷ்டம். கால் பங்கு தேறினால் 7,000 கோடி. அதற்கே வழக்கு நடத்த நல்ல வக்கீலும், கணக்குப் புரிந்த ஆபீசரும் வேண்டும். கஷ்டமான வழி, ஆனால் யாரையும் ஏமாற்றாத வழி. முதல் மூன்றில் வைப்பேன்.

எனக்குப் பிடித்த வழி அன்றைக்குக் கூட்டத்தில் யார் காதிலும் ஏறவில்லை. தொழில் பாசம் என்று சிரித்தார்கள். அதனால் இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

2017 சூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது வாளையாரில் லாரி வரிசை போன இடம் தெரியவில்லை. பழைய விற்பனை வரிச் செக்போஸ்ட் காலத்தில், சரக்கு எல்லை தாண்டும் இடத்தில் வரி நின்று பார்த்தது. ஜி.எஸ்.டி.யில் சரக்கு எங்கே செலவாகிறதோ அந்த மாநிலத்துக்கு வரி. நாம் விளைவிப்பதைவிட வாங்கித் தின்பது அதிகம், ஆகவே கேரளத்துக்கு இது யோகம் என்றார்கள். யோகம் பாதிதான் வேலை செய்தது. கொழிஞ்சாம்பாறைக்காரன் ஃபிரிட்ஜ் வாங்கப் பொள்ளாச்சிக்குப் போகிறான். கடையிலேயே பணம் கட்டி எடுத்து வந்தால், சரக்கு கைமாறிய இடம் தமிழ்நாடு. 20,000 ரூபாய் ஃபிரிட்ஜுக்கு 18 சதவீதம், 3,600. அதில் 1,800 மத்திய அரசுக்கு, 1,800 தமிழ்நாட்டுக்கு. பயன்படுத்துவது கேரளத்தில், மாநிலப் பங்கு மொத்தமும் சென்னைக்கு.

2023 அக்டோபர் 1 முதல் சட்டத்தில் ஒரு சின்னத் திருத்தம். ஜி.எஸ்.டி. நம்பர் இல்லாத சாதாரண வாடிக்கையாளர் வாங்கும்போது பில்லில் அவர் விலாசம் எழுதியிருந்தால், அந்த விலாசம் எந்த மாநிலமோ அதற்குத்தான் வரி; வேறு மாநிலம் என்றால் பில்லில் ஐ.ஜி.எஸ்.டி. என்று வரும். முழு விலாசம்கூட வேண்டாம், மாநிலத்தின் பெயர் இருந்தால் போதும். விலாசம் இல்லையென்றால் கடை இருக்கும் மாநிலத்துக்கு. அதாவது பில்லில் ‘கேரளா’ என்று ஒரு சொல் இருக்கிறதா இல்லையா என்பதில் அந்த 1,800 ரூபாய் எல்லையைத் தாண்டுகிறது. வாங்குகிறவனுக்கு ஒரு பைசா கூடுதல் இல்லை. கடைக்காரனுக்கும் நஷ்டம் இல்லை. எந்தச் சேவையும் குறையவில்லை. ஹெட்மாஸ்டரின் மூன்று வரிக்கும் அடங்குகிற விடை என்று எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான்.

27,000 கோடியை இது அடைக்குமா என்றால் அடைக்காது. எல்லையில் உள்ளவர்கள் வாங்கும் ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் எத்தனை இருந்துவிடும்? ஆனால் இதே மாதிரி ஒழுக்கு ஊருக்குள்ளேயும் இருக்கிறது. ‘பில்லோட வேணுமா, பில் இல்லாம வேணுமா’ என்று கேட்காத கடைத்தெரு எது? அதற்காகத்தான் 2022-இல் லக்கி பில் என்று ஆப் கொண்டுவந்தார்கள். பில்லைப் படம் எடுத்து ஏற்றினால் குலுக்கலில் பரிசு. வரி வசூலுக்கும் கேரளத்தில் லாட்டரிதான் வழி! சிரிப்பாக இருந்தாலும் எனக்கு அந்த ஆப்பைப் பிடிக்கும். இருக்கிற வரி விகிதத்தில், கட்ட வேண்டியவன் கட்டுவதைப் புது வரி என்று யாரும் சொல்ல முடியாது. ஒவ்வொரு வருஷமும் திரும்ப வரும் வரவும் இது ஒன்றுதான், பாக்கி வசூல் மாதிரி ஒரு தடவையோடு தீர்ந்துவிடாது. சில்லறைக் கடைக்காரனை மிரட்டாமல், கணக்கெழுதிக் கொடுக்க ஆள் வைத்து, மொத்த வியாபாரியிடம் இறுக்கினால் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். என் வாடிக்கைக் கடைக்காரர்கள் இதைப் படித்தால் அடுத்த மாதம் ஃபீஸ் கொடுக்க மாட்டார்கள் என்பதும் தெரியும்.

கூட்டம் முடிந்து பத்து நாளைக்குள் தங்கச்சி வீட்டு ஃபிரிட்ஜ் செத்துப் போனது. நானும் மச்சானும் பொள்ளாச்சிக்குப் போனோம். கல்லாவில் இருந்த பையன் பேரையும் போன் நம்பரையும் தட்டிவிட்டுப் பிரிண்ட் கொடுக்கப் போனான்.

‘தம்பி, விலாசம் போடுங்க.’

‘டெலிவரி வேணுங்களாண்ணா? பார்டருக்கு அந்தப் பக்கம்னா வண்டி வாடகை தனி.’

‘வண்டி இருக்குது. பில்லுல மட்டும் கேரளான்னு போடுங்க.’

அவன் திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். ‘அப்படிப் போட்டா ஐ.ஜி.எஸ்.டி.னு வந்துருமேண்ணா.’

‘வரட்டும். ரேட்டு ஒண்ணுதான?’

ஓனரைக் கூப்பிட்டான். ஓனர் வந்து, மென்பொருளில் மாநிலப் பட்டியலைத் திறந்து, தமிழ்நாட்டிலிருந்து மேலே மேலே நகர்த்தி, கேரளாவில் நிறுத்தினார். மச்சான் வெளியே டெம்போவில் கயிறு கட்டிக்கொண்டே கத்தினார்: ‘மாப்ளே, இன்னும் என்ன அங்க? மழை வருது!’